பொய் ஊரில் நான் எடுத்த கிண்ணம்

மகனே,

நலமா, சாப்பிட்டாயா என்பதையெல்லாம் உன் அம்மா தினமும் போனில் கேட்டுவிடுகிறாள். அதையே நானும் எழுதித் தாளை நிரப்பப் போவதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ வைத்துவிட்டுப் போன விளையாட்டை இரண்டு மாதம் விளையாடி முடித்துவிட்டேன். அருவருப்பாக இருக்கிறது. இந்த ஒரு சொல்லைப் படித்ததும் தீர்ப்பு வந்துவிட்டது என்று எண்ணிப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிடாதே. எது அருவருப்பு, யார் மேல் அருவருப்பு என்று சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். கடைசி வரை படி.

இதை ஊர் படிக்கும்படி பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். அதனால் நமக்குள் நடந்த பேச்சு என்னவென்று மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் மெர்டேக்கா ஆண்டில், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷத்தில், பிறந்தவன். வேனை ஓட்டிக்கொண்டு ‘பேப்பர் லாமா’ என்று கத்திப் பழைய பேப்பரும் போத்தலும் எடுத்துப் பிழைத்து, பிறகு ஜாலான் பெண்டஹாராவில் பழம்பொருள் கடை போட்டவன். எனக்குப் பின் அந்தக் கடையில் உட்கார உன்னைத் தவிர ஆள் இல்லை. நீயோ தீபாவளிக்கு வந்த இடத்தில், கோலாலம்பூர் பேங்க் வேலையை விட்டுவிட்டுக் கணினி விளையாட்டு செய்கிற கம்பெனியில் சேரப் போகிறேன் என்றாய். சாப்பாட்டு மேசையில் சண்டை. அதெல்லாம் ஒரு வேலையா, குப்பை என்றேன். “சாமான கையில எடுத்துப் பாக்காம வெல சொல்ல மாட்டேன்னு கடையில பெருமையா பேசுவீங்கல்ல? இத ஒரு நாளாச்சும் கையில எடுத்துப் பாத்தீங்களாப்பா?” என்றாய். சரியான இடத்தில் அடித்தாய். பிறகுதான் அந்த வாக்கு. “ரெண்டு மாசம் விளையாடிப் பாருங்க. அதுக்கப்புறம் ‘வா’ன்னா கடைக்கு வந்துடறேன், ‘போ’ன்னா போயிடுவேன். ஒரு வார்த்த எதிர்த்துப் பேச மாட்டேன்.” உள்ளதைச் சொல்கிறேன். அப்போதே என் நாக்கு நுனியில் ‘வா’ தயாராக இருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுப் பெண் பார்க்கப் போகிறவனைப் போலத்தான் நான் அந்த விளையாட்டின் முன் உட்கார்ந்தேன்.

புதிய விளையாட்டு ஒன்றைக் கொடுத்திருக்கலாம். நீ படிக்கிற காலத்தில் பைத்தியமாகக் கிடந்த அதே பழையதைத்தான் கொடுப்பேன் என்றாய். இருபது வருஷத்துக்கும் மேல் பழையது. கப்பலிலிருந்து ஒருவனை இறக்கிவிடுகிறார்கள். அவன்தான் நான். கையில் ஒன்றும் இல்லை. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மனிதரைப் பார் என்கிறார்கள். எந்தப் பக்கம் போவது என்று காட்ட ஓர் அம்புக்குறி கிடையாது. நடை, முட்டி தேய்ந்தவன் நடை. மனிதர்களின் முகம் அரிவாளால் செதுக்கிய மரவள்ளிக்கிழங்கு மாதிரி. கடைத்தெருவில் யாரைத் தட்டினாலும் அதே நாலு வரியைச் சொல்கிறார்கள். ஒரு குகைக்குள் எலி வந்தது. வாளை வீசினேன். வாள் எலிமேல் படுவது என் கண்ணுக்கே தெரிகிறது, ஆனால் அடி விழவில்லையாம். புதியவன் கை அப்படித்தான், போகப் போகப் பழகும் என்று நீ போனில் விளக்கினாய். எலி கடித்துச் செத்தேன். மறுபடி செத்தேன். உன் அம்மா கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “எலி கடிச்சு செத்தவருக்குச் சோறு போடவா, இல்ல பாலு ஊத்தவா?” என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் உன்னையும் விளையாட்டையும் சேர்த்தே திட்டினேன்.

இரண்டாவது வாரம் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அந்த ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். அலமாரியைத் திறக்கலாம். யாரும் பார்க்காத சமயம் பார்த்தால் எடுத்துக்கொண்டும் போகலாம். அதற்குப் பிறகு ராஜா என்ன, ராட்சசன் என்ன, எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. குத்துவிளக்கு, சொம்பு, தட்டு, கரண்டி, பழைய ஜாடி என்று வாரிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் ஆள் நகரவில்லை. கணினி கெட்டுப்போய்விட்டது என்று உனக்குப் போன் போட்டேன். நீ ஆபீசில் இருந்தாய்.

“பைய தொறந்து பாருங்கப்பா. என்னா வச்சிருக்கீங்க?”

“சாமான்தான்.”

“எவ்ளோ சாமான்?”

“கெடச்சதெல்லாம்.”

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்தில் யாரோ என்னவென்று கேட்டது எனக்கே கேட்டது. “சுமை அதிகமாயிருச்சுப்பா, அதான் நடக்க முடியல. கொஞ்சத்த கீழ போடுங்க.”

“எதுக்குடா போடணும்? நல்ல சாமான்டா.”

“அப்ப அங்கயே நில்லுங்க.”

மகனே, நான் நின்றேன். ஒரு மத்தியானம் முழுக்க, எதைக் கீழே போடுவது என்று முடிவு செய்ய முடியாமல் ஒரு பொய் ஊரின் தெருவில் நின்றேன். எந்த வியாபாரியும் இதற்குச் சிரிப்பான். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

இன்னொரு நாள் பேய் மழை. இடி இடித்துக் கரண்ட் போய்விட்டது. அன்று மலை தாண்டி, பாலம் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன். கரண்ட் வந்து பார்த்தால் காலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். நடந்ததெல்லாம் இல்லை. இடையிடையே சேமித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. மேசையைக் குத்தினேன். குத்திய பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. நீ பள்ளியில் ஐந்தாம் பாரத்தில் இருந்தபோது, சாப்பிடக் கூப்பிட்டு நீ வரவில்லை என்று மெயின் சுவிட்சையே அணைத்தேன். ஒரு நாள் இல்லை, பல நாள். நீ ஒன்றும் சொல்லாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாய். பயல் அடங்கிவிட்டான் என்று எனக்குப் பெருமை. எதை அழித்தேன் என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். உனக்கு நாளைக்குப் பிள்ளை பிறந்தால், அது எதில் மூழ்கிக் கிடந்தாலும், அணைக்கும் முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார். பிறகு அணைத்தாலும் பரவாயில்லை.

இனி நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. மூன்றாவது வாரம் முடிந்தும் நான் தேடிப்போக வேண்டிய ஆளைக் கண்டுபிடிக்கவில்லை. உன்னைக் கேட்டேன். “ஆளுங்க பேசுறத படிச்சீங்களாப்பா? வழி அதுலதான் இருக்கும். ஆத்த தாண்டி எடப்பக்கம் திரும்புன்னு அவங்களே சொல்லுவாங்க. புது விளையாட்டு மாதிரி இது கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகாது” என்றாய். நான் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. ஆள் வாயைத் திறந்ததும் தட்டித் தள்ளிவிட்டு, அவன் தோளுக்கு மேலே அலமாரியைத்தான் பார்த்திருக்கிறேன். நாற்பது வருஷத் தொழில் பழக்கம். சரி, இனிப் படிப்போம் என்று முதல் ஊருக்கே திரும்பிப்போய் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தேன். ஒரு மூலை வீட்டில் வயதான பெண் ஒருத்தி. அவள் சொன்னதை அன்றுதான் முதல் தடவையாகப் படித்தேன். செத்துப்போன கணவன் சாப்பிட்ட வெள்ளிக்கிண்ணத்தைக் காணோமாம். நீ ஊரூராகச் சுற்றுகிறவன் ஆயிற்றே, எங்காவது கண்டால் கொண்டுவந்து தருவாயா என்று என்னிடமே கேட்கிறாள். அந்தக் கிண்ணத்தை எடுத்தவன் நான். இரண்டாவது வாரமே, அவள் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் எடுத்து, பக்கத்து ஊர் வியாபாரியிடம் தள்ளிவிட்டிருந்தேன்.

போய் வாங்கிவந்தேன். அவள் கையில் கொடுத்தேன். என்ன ஆகும் என்று நினைக்கிறாய்? உனக்குத் தெரிந்திருக்கும். எங்கே கிடைத்தது என்றுகூடக் கேட்கவில்லை. நீ நல்லவன் என்றாள். ஒரு மோதிரத்தைப் பரிசாகக் கொடுத்தாள். ஊரில் என் மதிப்பு கூடிவிட்டதாக எழுத்து வந்தது. அந்த இடத்தில்தான் எனக்குக் குமட்டியது. சும்மா எழுத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். திருடியவனுக்கே மோதிரம் போட்டு அனுப்புகிற ஊரை எவன் செய்தான் என்று திட்டினேன். ஆனால் குமட்டியது அந்த ஊரைப் பார்த்து மட்டும் இல்லை. அதே கேள்வியை என்னிடம் நிஜமாகவே ஒரு பெண்மணி கேட்டிருக்கிறார். ஒரு தடவை இல்லை. பதினோரு வருஷம்.

காஜா பெராங்கில் நம் வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் கம்போங் செட்டி. நீ பிறப்பதற்கு முன்பு அந்தப் பக்கம் என் வேன் போகாத வாரம் கிடையாது. அந்தக் கிராமத்தார் பல தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறியவர்கள், நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள், வீட்டில் பேசுவது மலாய். வருஷத்தில் இரண்டு தடவை, போகிக்கு ஒன்று, பழம் பழுக்கிற காலத்தில் ஒன்று, செத்துப்போன முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். அங்கே வயதான அம்மாள் ஒருவர் இருந்தார், மக்சிக் என்றுதான் அழைப்போம். அவர் வீட்டில் படையலுக்கு மட்டும் எடுக்கிற பித்தளைத் தாம்பாளம் ஒன்று இருந்தது. விளிம்பு முழுக்கக் கொடியும் கிளியும். வெற்றிலை பாக்கை அதில்தான் வைப்பார்கள். மற்ற நாளில் அது பரணில் இருக்கும். நான் பலமுறை கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே முடியாது என்றுவிட்டார். நான் விடுகிற ஆளா? அவர் தங்கை மகன் ஒருவன் இருந்தான். மோட்டார் சைக்கிளுக்கு ஆசைப்பட்டவன், அதைவிட முக்கியம், யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன். எனக்கு அது தெரியும். அத்தனை பேர் இருக்க அவனைப் பிடித்ததே அதற்காகத்தான். மக்சிக் கோயிலுக்குப் போயிருந்த காலை நேரத்தில், பரணிலிருந்து அவனே இறக்கிக்கொண்டுவந்து கோணிப்பையில் போட்டு வேனில் வைத்தான். அந்த வாரமே வெளியூர் ஆள் ஒருவரிடம் அது கைமாறிவிட்டது. நம் கடைக்கு முதல் பெயர் வாங்கிக்கொடுத்த பொருள் அதுதான். இத்தனை நாள் உனக்கு நான் வேறு கதை சொல்லி வந்திருக்கிறேன்.

அடுத்த பார்ச்சுக்கு முன்னால் மக்சிக் கடைக்கு வந்தார். தாம்பாளத்தைக் காணோம், நீ நாலு வீடு ஏறி இறங்குகிறவன், கண்ணில் பட்டால் சொல் தவுக்கே, என்றார். முதலாளி என்பதை அப்படித்தான் சொல்வார். கட்டாயம் பார்க்கிறேன் மக்சிக் என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு படையலுக்கும் முன்னால் வருவார். கதவருகில் நின்றபடி, “சுடா ஜும்பா கா?” என்பார். கிடைத்ததா என்று கேட்கிறார். “பெலும், மக்சிக்,” இன்னும் இல்லை என்பேன். முகத்தில் வருத்தம்கூடக் காட்டுவேன். படையலுக்கு எங்களையும் அழைப்பார். வெற்றிலையை ஒரு எனாமல் தட்டில் வைத்திருப்பார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவர் தவறிப்போன பிறகு அந்தக் கேள்வி நின்றது. உள்ளதைச் சொன்னால், எனக்கு அன்று நிம்மதியாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மகள் வீட்டுக்குப் போனேன். அவர்கள் தமிழ் படிக்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் நான் தமிழில் எழுதுவதாக யாரும் சொல்லிவிடக்கூடாது. முதலில் நேரில் சொல்வோம், பிறகு எழுதுவோம் என்றுதான் போனேன். அந்த அம்மாளுக்கும் இப்போது அறுபது நெருங்கியிருக்கும். பால் ஊற்றாத தே ஓ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. “மாக் தாவு, அங்கிள்” என்றாள். அம்மாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் மலாயில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

“அந்த வாரமே அவன் அழுதுகிட்டு வந்து அம்மா கால்ல விழுந்துட்டான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அம்மா எங்க வாய அடச்சிட்டாங்க.”

“தெரிஞ்சுமா என்கிட்டயே வந்து தேடச் சொன்னாங்க?”

“வேற எப்படிக் கேக்கறது? எங்கயோ கெடச்சுதுன்னு சொல்லி நீங்களே கொண்டாந்து குடுத்திருக்கலாமில்ல? உங்களுக்கு வெக்கமில்லாம ஒரு வழி வச்சாங்க. போவோம், கேட்டு வைப்போம், இந்தத் தடவ குடுத்துடுவாருன்னுதான் கெளம்புவாங்க.”

“அது என் கையில இல்லம்மா. எடுத்த வாரமே போயிருச்சு.”

அப்போதுதான் அவள் முகம் மாறியது. “கடேசி வரைக்கும் உங்க கடையிலதான் இருக்குன்னு நம்பிட்டிருந்தாங்க அங்கிள்,” என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தேத்தண்ணீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றாள். குடித்தேன். அவ்வளவும் சொல்லிவிட்டு அந்த வீட்டுத் தேத்தண்ணீரையும் முழுக்கக் குடித்துவிட்டு எழுந்து வந்தவன் உன் அப்பன்.

தாம்பாளம் போன ஊரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வாங்கினவரும் உயிரோடு இல்லை, அவர் பிள்ளைகளும் எங்கேயோ. கிடைக்காது என்றுதான் என் தொழில் அறிவு சொல்கிறது. அதற்காக நான் ஞானியாகிவிட்டேன் என்று நினைக்காதே. நேற்றுகூட ஒரு சுவர்க்கடிகாரம் பார்த்தேன், கை பரபரத்தது. வீட்டுப் பெரியவரை அழைத்து வரச்சொல்லி, அவர் வாயால் சம்மதம் கேட்டு, பிறகுதான் வாங்கினேன். இந்த வயதில் இதைக் கற்றுக்கொண்டதைப் பெருமையாக எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது உன் விஷயம். உன் விளையாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. வழி கேட்டு நடப்பது நன்றாக இருக்கிறது, அந்த எலியைக்கூட இப்போது ஒரே வீச்சில் கொல்கிறேன். ஆனால் அலமாரியைத் திறந்துவிட்டு, எடுத்தவனைச் சும்மா விட்டுவிட்டு, திருப்பித் தந்தால் மோதிரமும் தருகிற அந்த ஒரு காரியம் இன்னும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. நீ ஒன்று செய்யப்போனால் அந்தக் கிழவியைக் கொஞ்சம் யோசித்துச் செய். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போகட்டும். விளையாடுகிறவன் வாசலில் நிற்கட்டும்.

‘வா’ என்று சொல்லத்தான் எனக்கு இப்போதும் ஆசை. சொன்னால் நீ வந்துவிடுவாய் என்பதும் தெரியும், வாக்குக் கொடுத்தால் மீறத் தெரியாதவன் நீ. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. முடியாது என்று சொல்லத் தெரியாத ஒருவனைப் பார்த்துப் பிடித்து, அவன் கையாலேயே ஒரு பொருளை இறக்கி வேனில் ஏற்ற வைத்தவன் நான். இன்றைக்கு நீயும் என்னிடம் முடியாது என்று சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறாய். உன் வாழ்க்கையை நீயே கொண்டுவந்து என் கையில் வைத்திருக்கிறாய். நான் ஒரு சொல் சொன்னால் போதும், அது என்னுடையது. இதைவிடச் சுலபமான வியாபாரம் என் காலத்தில் எனக்கு வாய்த்ததில்லை.

பக்கத்து ஜவுளிக்கடை பாய் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். “அண்ணே, தம்பி வரப்போறதில்ல, எனக்கே விட்டுடுங்க, நடுச்சுவர எடுத்துட்டு ஒண்ணாக்கிக்கறேன்” என்பார். ஒவ்வொரு தடவையும் முறைத்து அனுப்புவேன். இன்று காலை நானே அவர் கடைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தைப்பூசம் கழித்து எடுத்துக்கொள்ளுங்கள் பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கே நம்ப முடியவில்லை, உடம்பு சரியில்லையா அண்ணே என்றார். கடையை விடப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போ. போய் அந்த வேலையில் சேர். அது சரியாக வராமல் போனாலும் வேறு எதையாவது செய்து பிழைத்துக்கொள், கடை இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காதே, இருக்காது. அங்கே யாராவது, வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்பார்கள். அப்பா விட்டுவிட்டார் என்று சொல்லாதே. அப்பாவைக் கேட்கவில்லை, நானே முடிவு செய்தேன் என்று சொல்.

அப்பா